எல்லாவற்றையும் டிக் செய்யச் சொல்லாதீர்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மொரிஷியஸ் தீவில் ரோஸ் ஹில்லிலிருந்து எழுதுகிறேன். பகலில் அரசுத் தொடக்கப் பள்ளியில் தமிழ் சொல்லித் தருகிறேன். சனிக்கிழமை மாலை எங்கள் ஊர்க் கோவில் கூடத்தில் இருபது, இருபத்திரண்டு பிள்ளைகளுக்கு வகுப்பு எடுக்கிறேன். உங்கள் நாளிதழ் இங்கே கடையில் கிடைக்காது. கைபேசியிலும் மடிக்கணினியிலும்தான் படிக்கிறேன். பதினைந்து வருஷமாகப் படித்துவருகிறேன். கடிதம் எழுதுவது இதுதான் முதல் தடவை.

சென்ற ஞாயிறு இணைப்பில், கணினிப் பகுதியில், இணைய உலாவிக்கு விளம்பரத் தடுப்பான் போட்டுக்கொள்வது பற்றி ஒரு குறிப்பு வந்திருந்தது. போட்டுக்கொள்ளச் சொன்னதில் எனக்கு முழுச் சம்மதம். ஆனால் கடைசியில் ஒரு வரி: ‘ஃபில்டர் லிஸ்ட் என்ற பக்கத்தைத் திறந்து அங்கே இருக்கும் எல்லாப் பட்டியல்களையும் டிக் செய்துவிடுங்கள், ஒரு விளம்பரம்கூட எட்டிப் பார்க்காது.’ அந்த ஒரு வரிக்காகத்தான் இந்தக் கடிதம். நான் அதையே செய்து இரண்டு மாதம் அவதிப்பட்டவள். என்னால் இன்னொரு பெண்ணும் அரை நாள் சம்பளத்தை இழந்தாள். உங்கள் வாசகர்கள் பல்லாயிரம் பேர் அந்த வரியை நம்பி இப்போது டிக் செய்துகொண்டிருப்பார்கள் என்று நினைத்தால் சும்மா இருக்க முடியவில்லை.

எனக்கு ஏன் இது தேவைப்பட்டது என்பதை முதலில் சொல்கிறேன். கோவில் கூடத்தில் ஒரு புரொஜெக்டர் இருக்கிறது. வெள்ளைச் சுவரில் படம் விழும். பறவைகளின் பெயர்களைச் சொல்லித் தருவதற்காக ஒரு தமிழ்த் தளத்தைத் திறந்தேன். மைனா, கொக்கு, மரங்கொத்தி என்று ஒவ்வொன்றின் படமும் கீழே பெரிய எழுத்தில் பெயரும் இருக்கும் பக்கம். மைனாவுக்குக் கீழே, பிள்ளைகள் படிக்க வேண்டிய இடத்தில், சீட்டுக்கட்டும் தங்கக் காசும் கொட்டுவது போல ஒரு படம் வந்து உட்கார்ந்தது. முன்வரிசையில் எட்டு வயதுப் பையன் ஒருவன். எழுத்துக் கூட்டிப் படிக்க அப்போதுதான் வந்திருந்தது அவனுக்கு. கண்ணில் படுகிற தமிழ் எல்லாவற்றையும் சத்தம் போட்டுப் படிப்பான். விரலை நீட்டி, ‘வெல்... லுங்... கள்’ என்று படித்துவிட்டு, ‘மிஸ், எதை வெல்லணும்?’ என்று கேட்டான்.

நான் மடிக்கணினியை மூடிவிட்டேன். ஆசிரியர் ஐயா, எங்கள் நிலைமையை நீங்கள் நினைத்துப் பார்க்க வேண்டும். இங்கே பிள்ளைகள் வீட்டில் பேசுவது கிரியோல், பத்திரிகையில் பார்ப்பது பிரெஞ்சு, பள்ளிப் புத்தகத்தில் இருப்பது ஆங்கிலம். வகுப்புக்கு வெளியே தமிழ் எழுத்தை அவர்கள் பார்ப்பது எங்கள் ரூபாய் நோட்டிலும் கோவில் சுவரிலும் கல்யாணப் பத்திரிகையிலும்தான். மற்றபடி அவர்களுக்குத் தமிழ் உலகம் என்பது இந்தத் திரைதான். அந்தத் திரையில் ஒரு குழந்தை தானாகப் படித்த முதல் வாக்கியம் சூதாட்டத்துக்கு அழைப்பதாக இருந்தது. அன்று இரவு எனக்குச் சரியாகத் தூக்கமில்லை.

என் அண்ணன் மகன், எபென் என்ற ஊரில் உள்ள சைபர் சிட்டியில், ஒரு கணினி நிறுவனத்தில் வேலை பார்க்கிறான். கோயம்புத்தூரில் படித்தவன். வீட்டில் என்னோடு தமிழில் பேசுகிறவன் அவன் ஒருவன்தான். போனில் விஷயத்தைச் சொன்னேன். ‘ஃபயர்பாக்ஸ் உலாவியில யூபிளாக் ஆரிஜின்னு ஒரு விளம்பரத் தடுப்பான் இருக்கு, அதைப் போட்டுக்கோங்க அத்தை. காசு கிடையாது, வேற எதையும் தொட வேண்டாம்’ என்றான். போட்டேன். பிரெஞ்சுச் செய்தித் தளங்கள் கழுவி விட்டது போல ஆயின. ஆங்கிலத் தளங்களும் அப்படித்தான். தமிழ்த் தளங்களில் மட்டும் பாதி போயிற்று, பாதி போகவில்லை. வேறு எதையும் தொடாதே என்று அவன் சொன்னதை மறந்து, டிசம்பர் விடுமுறையில் ஒரு நாள் உட்கார்ந்து, அந்தப் பட்டியல் பக்கத்தில் இருந்த ஐம்பதுக்கு மேற்பட்ட கட்டங்களையும் ஒன்றுவிடாமல் டிக் செய்தேன். கோரிய மொழி, ஹங்கேரிய மொழி, வியட்நாமிய மொழி எல்லாம் அதில் அடக்கம். அதிகம் போட்டால் அதிகம் தடுக்கும் என்றுதான் நினைத்தேன். உங்கள் குறிப்பை எழுதியவரும் அப்படித்தான் நினைத்திருக்கிறார்.

அது ஏன் தவறு என்று புரிய வேண்டுமானால் இந்தப் பட்டியல் என்பது என்ன என்று தெரிய வேண்டும். உங்கள் குறிப்பில் அது இல்லை. விளம்பரத் தடுப்பானுக்குத் தானாக எது விளம்பரம், எது கட்டுரை என்று தெரியாது. யாரோ சில மனிதர்கள் எழுதிவைத்த விதிகளைப் படித்து அதன்படி நடக்கிறது, அவ்வளவுதான். அந்த விதிகளின் தொகுப்புதான் பட்டியல். பட்டியலின் பெயருக்குப் பக்கத்தில் உள்ள சின்னத்தைச் சொடுக்கினால் அது முழுவதும் திறக்கும், யாரும் படித்துப் பார்க்கலாம். நான் படித்துப் பார்த்தேன். வரிக்கு ஒரு விதி, பல்லாயிரம் வரிகள். சில விதிகள் இரண்டு செங்குத்துக் கோட்டோடு தொடங்கி ஒரு முகவரியைச் சொல்கின்றன: இங்கிருந்து எது வந்தாலும் வாசலிலேயே நிறுத்து என்று பொருள். சில விதிகளின் நடுவில் இரண்டு ஹாஷ் குறி இருக்கும்: உள்ளே வந்துவிட்டதைத் திரை போட்டு மறை என்று பொருள். இன்னொரு வகை இருக்கிறது, ‘அட்’ குறி இரண்டு போட்டுத் தொடங்குவது. மேலே சொன்னது இந்த இடத்துக்குப் பொருந்தாது, இதை விட்டுவிடு என்பது அதன் பொருள். இலக்கணம் சொல்லித் தருகிற எனக்கு அதைப் பார்த்ததும் புறனடை, அதாவது விதிவிலக்கு, என்ற சொல்தான் நினைவுக்கு வந்தது. பொதுவிதியை எழுதியவனுக்குத்தான் அதன் புறனடை எங்கே வேண்டும் என்பது தெரியும். ஐம்பது பேர் தனித்தனியாக எழுதிய ஐம்பது இலக்கணத்தை ஒன்றாகக் கட்டினால், ஒருவர் விதிக்கு இன்னொருவர் புறனடை எழுதியிருக்க மாட்டார். அங்கேதான் பக்கங்கள் உடைகின்றன.

என் வீட்டில் முதலில் உடைந்தது ஒரு விண்ணப்பப் படிவம். என் மாணவி ஒருத்தியின் தாய் துணி ஆலையில் வேலை செய்கிறாள். மகளுக்காக ஓர் அலுவலகத்தின் இணையப் படிவத்தை நிரப்பித் தரும்படி கேட்டாள். ஜனவரி மாதம், கடைசித் தேதிக்கு மூன்று நாள் இருந்தது. எல்லாவற்றையும் நிரப்பினேன். கடைசிப் பக்கத்தில் ‘அடுத்து’ என்ற பொத்தான் சாம்பல் நிறத்திலேயே இருந்தது, அழுத்தினால் அசையவில்லை. மறுநாளும் அப்படித்தான். அதற்கு மறுநாளும் அப்படித்தான். அலுவலகத்தின் தளத்தில்தான் கோளாறு என்று அவளிடம் உறுதியாகச் சொன்னேன். அவள் அரை நாள் சம்பளத்தை விட்டுத் தலைநகர் போர்ட் லூயிக்குப் பேருந்து பிடித்துப் போய், வரிசையில் நின்று, கையால் எழுதிக் கொடுத்துவிட்டு வந்தாள். உண்மையில் அந்தப் பக்கத்தில் ‘நிபந்தனைகளை ஏற்கிறேன்’ என்று ஒரு சின்னக் கட்டம் இருந்திருக்கிறது. அதில் டிக் செய்தால்தான் பொத்தான் உயிர் பெறும். தொந்தரவான அறிவிப்புகளை மறைக்கும் பட்டியல்கள் என்று ஒரு பிரிவு இருக்கிறதே, அதில் ஒன்று அந்தக் கட்டத்தையும் தொந்தரவு என்று எடுத்துக்கொண்டு மறைத்துவிட்டது. தளத்தின் மேல் தப்பே இல்லை. இது எனக்கு ஒரு மாதம் கழித்துத்தான் தெரிந்தது. அந்தத் தாயிடம் போய் உண்மையைச் சொன்னேன்.

இரண்டாவது, தைப்பூசக் காவடி நாள். இங்கே அது அரசு விடுமுறை. என் தாயாருக்கு எண்பத்து நான்கு வயது. முழங்கால் ஒத்துழைக்காததால் மூன்று வருஷமாகக் கோவிலுக்கு நடக்க முடிவதில்லை. கோவில் நிர்வாகம் அவர்களுடைய இணையப் பக்கத்திலேயே ஊர்வலத்தை நேரலையாகக் காட்டும். ஃபேஸ்புக்கில் எடுப்பதை அப்படியே அந்தப் பக்கத்தில் பொருத்தியிருப்பார்கள். பேரன் காவடி எடுக்கிறான், பார்க்க வேண்டும் என்று அம்மா காலை ஆறு மணிக்கே குளித்து, மஞ்சள் புடவை கட்டி, மடிக்கணினி முன்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்துவிட்டார்கள். நான் பக்கத்தைத் திறந்து கொடுத்துவிட்டுக் கோவிலுக்குப் போய்விட்டேன். பன்னிரண்டு மணிக்குத் திரும்பி வந்தபோது அம்மா அதே நாற்காலியில் இருந்தார்கள். திரையில் கோவிலின் பெயர், கீழே பூஜை நேரம், நடுவில் வெறும் வெள்ளை. ‘இன்னும் ஆரம்பிக்கலையாம்மா?’ என்று என்னிடம் கேட்டார்கள்.

மாலையில் என் அண்ணன் மகன் வந்தான். காலெல்லாம் கொப்புளம். பாட்டிக்குத் திருநீறு பூசிவிட்டு, காபிகூடக் குடிக்காமல் மடிக்கணினியை மடியில் எடுத்து வைத்துக்கொண்டான். சிவப்புக் கேடயம் போன்ற சின்னத்தைச் சொடுக்கி, அங்கிருந்து ‘லாகர்’ என்ற சாளரத்தைத் திறந்து, கோவில் பக்கத்தை மறுபடி ஏற்றினான். அந்தச் சாளரத்தில் வரி வரியாக ஓடியது: பக்கம் எங்கிருந்தெல்லாம் எதையெல்லாம் கேட்கிறது என்ற கணக்கு. தடுக்கப்பட்டவை சிவப்புப் பட்டையில் வந்தன. ஒரு சிவப்பு வரியைத் தொட்டான். எந்த விதி தடுத்தது, அந்த விதி எந்தப் பட்டியலில் இருக்கிறது என்று காட்டியது. ஃபேஸ்புக்கை மற்றத் தளங்களில் அடியோடு மறுப்பதற்கென்றே உள்ள ஒரு பட்டியல். அது தன் வேலையைச் சரியாகத்தான் செய்திருக்கிறது. அது வேண்டும் என்று கட்டத்தில் டிக் செய்தவள் நான்.

‘அத்தை, நீங்க எந்தெந்த மொழியில படிப்பீங்க?’ என்று கேட்டான்.

‘தமிழ், பிரெஞ்சு, இங்கிலீஷ். கிரியோலும்.’

‘அப்போ அந்த மொழிக்கு மட்டும்தான் பட்டியல் வேணும். மத்ததெல்லாம் உங்களுக்கு எதுக்கு?’

நான் சொல்ல வந்தது இதுதான், ஆசிரியர் ஐயா. பட்டியலை எண்ணிக்கையைப் பார்த்துத் தேர்ந்தெடுக்கக் கூடாது. நாம் எந்த மொழியில் படிக்கிறோம் என்பதைப் பார்த்துத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

அவன் எனக்கு இன்னொன்றும் காட்டினான். ஒவ்வொரு பட்டியலுக்கும் எதிரே இரண்டு எண்கள் இருக்கும். அந்தப் பட்டியலிலிருந்து எத்தனை விதி பயனில் இருக்கிறது என்பது முதல் எண், அதில் மொத்தம் எத்தனை விதி என்பது இரண்டாவது. ஒரே விதி ஏற்கெனவே வேறு பட்டியலிலிருந்து வந்திருந்தால், இரண்டாம் தடவை அதைச் சேர்த்துக்கொள்வதில்லை. நான் டிக் செய்திருந்த சில பட்டியல்களில் முதல் எண் மிகச் சின்னதாக இருந்தது. அதாவது அவை புதிதாக ஒன்றும் கொண்டுவரவில்லை. மற்றவை நான் படிக்காத மொழிகளுக்கான விதிகளால் நினைவகத்தில் இடத்தைப் பிடித்துக்கொண்டிருந்தன. நான்கு ஜிபி நினைவகம் உள்ள என் பழைய மடிக்கணினி டிசம்பரிலிருந்து ஏன் மூச்சு வாங்கியது என்பதற்கு ஒரு காரணமாவது கிடைத்தது.

யூபிளாக் ஆரிஜினை நிறுவியவுடன், நாம் எதையும் தொடாமலே டிக் ஆகியிருக்கும் பட்டியல்கள் சில உண்டு. அவற்றை அப்படியே விட வேண்டும். ஒன்று, அதன் சொந்தப் பட்டியல்கள். அவற்றில் ‘அன்பிரேக்’ என்று ஒன்று இருக்கிறது, மற்றவை தெரியாமல் உடைத்த பக்கங்களைச் சரிசெய்வதற்கென்றே எழுதப்படுவது. இயல்பாக வரும் தொகுப்பை மனதில் வைத்துத்தான் அதை எழுதுகிறார்கள். நான் போட்ட ஐம்பதுக்கும் சேர்த்து எழுத யாராலும் முடியாது. அடுத்தது ஈஸிலிஸ்ட். 2005-ல் ரிக் பெட்னல் என்பவர் தொடங்கியது. அவர் 2009-ல் காலமானார். அவருக்குப் பின் மற்றவர்கள் கையில் எடுத்து இன்றுவரை நடத்திவருகிறார்கள். பெரும்பாலும் ஆங்கிலத் தளங்களுக்கானது, ஆனால் உலகம் முழுக்க விளம்பரம் அனுப்பும் பெரிய நிறுவனங்கள் அதில் அடங்கிவிடும். ஈஸிபிரைவசி கண்ணுக்குத் தெரியாமல் நம்மைப் பின்தொடர்பவற்றைத் தடுக்கிறது. பிள்ளைகள் பயன்படுத்தும் கணினியில் இதை ஒருபோதும் எடுத்துவிடாதீர்கள். பீட்டர் லோ என்பவர் பல வருஷமாகப் பராமரித்துவரும் விளம்பர முகவரிப் பட்டியல் ஒன்று இருக்கிறது. தீங்கு செய்யும் முகவரிகளுக்கென்று இன்னொன்று, ஸ்விட்சர்லாந்தின் அப்யூஸ் டாட் சிஎச் என்ற அமைப்பு திரட்டும் முகவரிகளிலிருந்து எடுப்பது.

கடைசியாகச் சொன்னதைச் சின்ன விஷயமாக எண்ண வேண்டாம். 2016 மார்ச்சில் உலகின் பெரிய செய்தித் தளங்கள் சிலவற்றில் விளம்பரம் வழியாகவே வாசகர்களின் கணினிக்குத் தீநிரல் அனுப்பப் பார்த்தார்கள். 2022 டிசம்பரில் அமெரிக்காவின் எஃப்பிஐ, தேடுபொறி விளம்பரங்களில் பெயர்பெற்ற நிறுவனங்களைப் போல வேஷம் போட்டு மோசடி நடக்கிறது என்று எச்சரித்து, இணையத்தில் தேடும்போது விளம்பரத் தடுப்பான் வைத்துக்கொள்ளும்படி மக்களுக்குச் சொன்னது. காவல் துறையே சொல்கிற அளவுக்கு வந்துவிட்ட விஷயம் இது.

இனி மொழிக்கு வருகிறேன். உங்கள் வாசகர்கள் ஒவ்வொருவரும் தெரிந்துகொள்ள வேண்டிய இடம் இது. நிறுவும்போது இந்தத் தடுப்பான் உலாவியின் மொழி என்ன என்று பார்த்து, அந்த மொழிக்குரிய பட்டியலையும் தானாகவே சேர்த்துக்கொள்கிறது. என் மடிக்கணினி போர்ட் லூயியில் வாங்கியது, உலாவி பிரெஞ்சு மொழியில் இருந்தது. அதனால் ஆட்கார்ட் என்ற நிறுவனம் நடத்தும் பிரெஞ்சுப் பட்டியல் நான் கேட்காமலே வந்துவிட்டது. பிரெஞ்சுத் தளங்கள் முதல் நாளே சுத்தமானதற்கு அதுதான் காரணம். ஆனால் நான் தினமும் இரண்டு மணி நேரம் படிக்கும் தமிழ் அதற்கு எப்படித் தெரியும்? உலாவியைத் தமிழில் வைத்திருப்பவர்கள் நம்மில் எத்தனை பேர்? சென்னையிலும் மதுரையிலும்கூடப் பலர் ஆங்கிலத்தில்தான் வைத்திருப்பார்கள். அப்படியானால் தமிழுக்கான பட்டியல் அவர்களுக்கும் டிக் ஆகியிருக்காது. பட்டியல் பக்கத்தில் கீழே ‘பகுதிகள், மொழிகள்’ என்று ஒரு தலைப்பு மடித்து வைத்தாற்போல் இருக்கும். அதைப் பிரித்தால் இந்தியா, இலங்கை, நேபாளம் மூன்றுக்கும் பொதுவாக இண்டியன்லிஸ்ட் என்று ஒன்று தெரியும். இந்தி, வங்காளம், தெலுங்கு, மலையாளம், சிங்களம் முதலியவற்றோடு தமிழ்த் தளங்களுக்கும் அதுதான். அதை ஒன்றை டிக் செய்து, மேலே உள்ள ‘மாற்றங்களைச் செயல்படுத்து’ என்ற பொத்தானை அழுத்தினால் போதும். என் பறவைப் பக்கத்துக்குத் தேவையாக இருந்தது அந்த ஒரே ஒரு டிக்.

குக்கீ (தளம் நம் உலாவியில் சேமித்துவைக்கும் சிறு தகவல்) அறிவிப்புகளை மறைக்கும் பட்டியலை வீட்டுக் கணினியில் வைத்திருக்கிறேன், ஏனென்றால் பிரெஞ்சுத் தளங்களில் அந்த அறிவிப்பு பக்கத்தையே மறைத்துக்கொண்டு நிற்கும். கோவில் கூடத்துக் கணினியில் வைக்கவில்லை. அறிவிப்பை மறைப்பது வேறு, குக்கீயை மறுப்பது வேறு. மறுக்கும் பொத்தானை நானே அழுத்தினால்தான் எனக்கு நிம்மதி. இதில் ஒவ்வொருவர் விருப்பமும் ஒவ்வொரு மாதிரி இருக்கலாம்.

குரோம் உலாவி வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. தடுப்பான் போல உலாவியோடு சேர்த்துக்கொள்ளும் நீட்டிப்புகளுக்கான விதிமுறையைக் கூகுள் மாற்றிவிட்டது. 2024 நடுவில் தொடங்கி 2025-க்குள் பழைய முறையில் எழுதப்பட்ட யூபிளாக் ஆரிஜின் அங்கே நின்றுபோயிற்று. இப்போது அங்கே கிடைப்பது யூபிளாக் ஆரிஜின் லைட். அதிலும் பட்டியலைத் தேர்ந்தெடுக்கலாம். ஆனால் பட்டியல்கள் நீட்டிப்போடு கட்டப்பட்டே வருகின்றன, நீட்டிப்பு புதுப்பிக்கப்படும்போதுதான் அவையும் புதுப்பிக்கப்படும். ஃபயர்பாக்ஸில் முழு வடிவம் இன்னும் இருக்கிறது, ஆண்ட்ராய்டு கைபேசியில் உள்ள ஃபயர்பாக்ஸிலும் கிடைக்கிறது. அதில் பட்டியல்கள் சில நாட்களுக்கு ஒருமுறை தாமாகவே புதுப்பித்துக்கொள்ளும். விளம்பரக்காரர்கள் முகவரியை மாற்றிக்கொண்டே இருப்பதால் பழையன கழிதலும் புதியன புகுதலும் அங்கே நிற்பதே இல்லை. ஆட்பிளாக் பிளஸ் என்ற வேறொரு தடுப்பானை வைத்திருப்பவர்கள் ஒன்றைக் கவனிக்கட்டும்: 2011-லிருந்து ‘ஏற்கத்தக்க விளம்பரங்கள்’ என்ற பட்டியல் அதில் இயல்பாகவே டிக் ஆகி வருகிறது. அது தடுக்கும் பட்டியல் அல்ல, அனுமதிக்கும் பட்டியல். பெரிய நிறுவனங்கள் அதில் இடம்பெறப் பணம் கட்டுகின்றன. வைத்திருக்கலாம், எடுத்துவிடலாம். அது இருக்கிறது என்று தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள்.

நாளிதழுக்கு எழுதிக்கொண்டே விளம்பரத்தைத் தடுப்பது பற்றிப் பேசுகிறேனே என்று உங்களுக்குத் தோன்றலாம். விளம்பரம் இல்லாமல் உங்கள் நிருபர்களுக்குச் சம்பளம் ஏது என்பது எனக்குத் தெரியும். அதனால்தான் உங்கள் தளத்தில் மட்டும் தடுப்பானை அணைத்து வைத்திருந்தேன். சின்னத்தைச் சொடுக்கினால் பெரிய மின்பொத்தான் வரும், அதை அழுத்தினால் அந்த ஒரு தளத்துக்கு மட்டும் அணைந்துவிடும். நகைக்கடை, ஜவுளிக்கடை, பள்ளிச் சேர்க்கை என்று வருகிற விளம்பரங்களை நான் விரும்பியே பார்க்கிறேன். ஊர் வாசனை அதில்தான் இருக்கிறது. ஆனால் போன மாதம் உங்கள் சிறுவர் பகுதியின் ஓரத்தில் அதே சீட்டுக்கட்டும் தங்கக் காசும் வந்தன. அன்றே மறுபடி தடுப்பானைப் போட்டுவிட்டேன். சிறுவர் பகுதியில் மட்டுமாவது அத்தகைய விளம்பரங்கள் வராதபடி நீங்கள் பார்த்துக்கொண்டால், மறுநாளே அணைத்துவிடுவேன்.

பட்டியல்களைப் பற்றி இன்னொன்று சொல்லாமல் முடிக்க மனம் வரவில்லை. யூபிளாக் ஆரிஜினை எழுதிய ரேமண்ட் ஹில் யாரிடமும் நன்கொடை கேட்பதில்லை. ஏதாவது செய்ய விரும்பினால், நீங்கள் பயன்படுத்தும் பட்டியல்களைப் பாடுபட்டுப் பராமரிப்பவர்களை நினைத்துக்கொள்ளுங்கள் என்கிறார். தமிழ்த் தளங்களைப் பொறுத்தவரை இது நம் பொறுப்பு. பட்டியலை எழுதுகிறவர்களுக்குத் தமிழ் தெரிந்திருக்க வேண்டும் என்பதில்லை. ஒரு பக்கத்தில் ‘பதிவிறக்கம்’ என்று இரண்டு பச்சைப் பொத்தான் இருந்தால், எது உண்மை, எது விளம்பரம் என்று தமிழ் படிக்கத் தெரிந்தவர் சொன்னால்தான் அவர்களுக்குத் தெரியும்.

நான் ஒரு முறை சொன்னேன். பிள்ளைகளுக்கு எழுத்துப் பயிற்சித் தாள் தரும் ஒரு தளத்தில் இதே போல இரண்டு பொத்தான்கள் இருந்தன. என் மாணவர் ஒருவரின் தந்தை பொய்ப் பொத்தானை அழுத்தி, கைபேசி முழுக்கக் கண்ட அறிவிப்புகளும் குவிந்துபோய் என்னிடம் கொண்டுவந்து காட்டினார். தடுப்பானின் சாளரத்திலேயே பேச்சுக் குமிழி போல ஒரு சின்னம் இருக்கிறது, புகார் செய்வதற்கு. கிட்ஹப் என்ற தளத்தில் கணக்கு வேண்டும் என்றது. அண்ணன் மகன் கணக்குத் தொடங்கிக் கொடுத்தான். பக்கத்தின் முகவரி, எந்தப் பொத்தான் பொய், என்ன ஆகிறது, திரையைப் படம் பிடித்த ஸ்கிரீன்ஷாட் ஒன்று, எல்லாம் எளிய ஆங்கிலத்தில் எழுதினேன். முன்பின் தெரியாத ஒருவர் மறுநாளே பதில் எழுதினார், சரிசெய்துவிட்டதாக. பட்டியலைப் புதுப்பித்துத் திறந்து தேடிப் பார்த்தேன். அந்தத் தளத்தின் பெயர், பக்கத்தில் இரண்டு ஹாஷ் குறி, பிறகு எனக்குப் புரியாத ஏழெட்டு எழுத்து. ஒரே ஒரு வரி. அந்தப் பக்கத்தைத் திறந்தேன். ஒரு பொத்தான்தான் இருந்தது. அந்தத் தந்தையின் கைபேசியிலும் அன்றே போட்டுக் கொடுத்தேன்.

அடுத்த ஞாயிறு இணைப்பில் ஒரு திருத்தம் வெளியிடும்படி பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன். நாலே வரி போதும்: இயல்பாக டிக் ஆகி வருபவற்றை அப்படியே விடுங்கள், தமிழில் படிப்பவர்கள் மொழிகள் தலைப்பின் கீழ் உள்ள இந்தியப் பட்டியலை மட்டும் சேருங்கள், எங்களைப் போல வேறு மொழியிலும் படிப்பவர்கள் அந்த மொழிப் பட்டியலையும் சேருங்கள், ஏற்கெனவே எல்லாவற்றையும் டிக் செய்தவர்கள் மற்றதையெல்லாம் எடுத்துவிட்டு ஒரு முறை உலாவியை மூடித் திறவுங்கள். படிவம் நிரப்ப வேண்டியவர்கள் வாரக் கடைசிக்குள் அதைச் செய்துவிட்டால் நல்லது.

இப்படிக்கு,
தமிழாசிரியை,
ரோஸ் ஹில், மொரிஷியஸ்

(பெயரை வெளியிட வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். படிவத்துக்காக அலைந்த அந்தத் தாயை ஊரில் எல்லோருக்கும் தெரியும்.)